கடிகாரச் சத்தம் கேட்கிறதா?

அடுத்த முறை சிக்னலில் ஒரு ரோல்ஸ்-ராய்ஸ் உங்கள் பக்கத்தில் வந்து நின்றால், போனட் முனையில் நிற்கும் வெள்ளிப் பெண்ணை உடனே பார்த்துவிடாதீர்கள். சக்கரத்தின் நடுவைப் பாருங்கள். அங்கே இரண்டு ‘ஆர்’ எழுத்துகள் பின்னிக்கொண்டு இருக்கும். பச்சை விழுந்து கார் நகர்ந்த பிறகும் அவை நேராகவே நிற்கும். சக்கரம் மட்டும் சுற்றும். அடிப்பக்கம் எடை வைத்து, அந்த மூடி தலைகீழாகப் போகாதபடி செய்திருக்கிறார்கள். இதனால் கார் கூடுதல் வேகம் போகப்போவதில்லை. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இது கண்ணில் படவும் படாது. ஆனாலும் யாரோ ஒருவர் மெனக்கெட்டிருக்கிறார்.

இந்த வேண்டாத வேலை யாருக்குப் பிடித்துப்போகிறதோ அவருக்கு ரோல்ஸ்-ராய்ஸ் பிடிபட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். விலையைக் கேட்டு வாய் பிளக்க ஒரு நிமிஷம் போதும். ரசிப்பதற்குக் கொஞ்சம் கதை தெரிய வேண்டும். கார் நம்முடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. கச்சேரி கேட்கிறவர்கள் எல்லோரும் வீணை வாங்கியா வைத்திருக்கிறார்கள்?

பெயரில் முதலில் வருகிற சார்லஸ் ரோல்ஸ் பிரபு வீட்டுப் பிள்ளை. கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு லண்டனில் கார் விற்றுக்கொண்டிருந்தவர். நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இரண்டாவது பெயரை. ஹென்றி ராய்ஸ் 1863இல் ஒரு மாவு மில்காரரின் மகனாகப் பிறந்தார். ஒன்பது வயதில் அப்பா இறந்துபோனார். பையன் செய்தித்தாள் விற்றான், வீடு வீடாகத் தந்தி கொண்டுபோய்க் கொடுத்தான். பீட்டர்பரோ ரயில்வே ஒர்க்ஷாப்பில் தொழில் பழகப் போனபோது, பணம் கட்டி வந்த அத்தையின் கை வறண்டதால் அதுவும் பாதியில் நின்றது. 1884இல் மான்செஸ்டரில் ஒரு கூட்டாளியோடு பட்டறை போட்டு, மின்சார அழைப்பு மணி, டைனமோ, கிரேன் என்று படிப்படியாக மேலே வந்தார். வசதி வந்ததும் பிரான்ஸில் செய்த டெக்கோவில் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினார். அதன் சத்தமும் உதறலும் அவருக்குப் பொறுக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் திட்டிக்கொண்டே ஓட்டியிருப்பார்கள். ராய்ஸ் தானே ஒரு கார் செய்யத் தொடங்கிவிட்டார்.

1904 ஏப்ரலில் அந்த முதல் கார் தெருவுக்கு வந்தது. இரண்டு சிலிண்டர், 10 குதிரைத்திறன். அதில் புதுக் கண்டுபிடிப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மற்றவர்கள் சுமாராகச் செய்ததை இவர் ஒழுங்காகச் செய்திருந்தார், அவ்வளவுதான். மறுமாதம் 4ஆம் தேதி, மான்செஸ்டர் மிட்லண்ட் ஹோட்டலில் ரோல்ஸ் அவரைச் சந்தித்தார். இரண்டு சிலிண்டர் கார் என்றாலே ரோல்ஸுக்கு ஆகாது. இதில் ஒரு சுற்று போய் வந்ததும், நீங்கள் செய்கிற அத்தனை கார்களையும் நானே விற்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். 1906இல் கம்பெனி பிறந்தது. ரோல்ஸின் மனசு அதற்குள் ஆகாய விமானத்தின் பக்கம் போய்விட்டது; 1910இல் போர்ன்மத்தில் விமானம் உடைந்து விழுந்து, 32 வயதில் இறந்தார். ராய்ஸ் 1933 வரை இருந்தார். சர் பட்டம் வந்த பிறகும் தன்னை மெக்கானிக் என்றே சொல்லிக்கொண்டார். அவர் இறந்த துக்கத்தில்தான் சின்னத்தின் சிவப்பு எழுத்துகள் கறுப்பாயின என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உருக்கமான கதைதான், உண்மையில்லை. அந்த முடிவு அவர் இருக்கும்போதே எடுத்தது. கறுப்பு எந்தப் பெயிண்டோடும் ஒத்துப்போகும் என்பதுதான் காரணம்.

கம்பெனிக்குப் பெயர் வாங்கித் தந்தது 40/50 என்ற ஆறு சிலிண்டர் கார். அதில் ஒன்றுக்கு 1907இல் அலுமினிய நிறப் பெயிண்ட் அடித்து, உலோக பாகங்களுக்கு வெள்ளி முலாம் பூசி, ‘சில்வர் கோஸ்ட்’ என்று பெயர் வைத்தார் நிர்வாகி கிளாட் ஜான்சன். வெள்ளிப் பேய். வருவது தெரியாமல் வந்து நிற்பதால் பேய். (நம் ஊர் மோகினி கொலுசுச் சத்தத்தோடு வருவாள், இங்கிலாந்துப் பேய் வேறு மாதிரி போலிருக்கிறது.) அந்தக் காரை லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். 14,371 மைல், வழியில் பழுதாகி நிற்காமல் ஓடியது. பிறகு அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிச் சோதித்தபோது, தேய்ந்த பாகங்களை மாற்ற ஆன செலவு இரண்டு பவுண்டு சொச்சம்.

ஆகவே இந்தக் காரை ரசிக்க முதல் கருவி காதுதான். 1958இல் டேவிட் ஓகில்வி எழுதிய விளம்பரம் விளம்பரத் துறைக்காரர்களுக்கெல்லாம் மனப்பாடம்: மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது, காருக்குள் மிகப் பெரிய சத்தம் கடிகாரத்தினுடையதுதான் என்று. அது அவருடைய கற்பனை இல்லை. ஒரு மோட்டார் பத்திரிகையின் தொழில்நுட்ப ஆசிரியர் எழுதியிருந்ததை எடுத்துக்கொண்டார். யாராவது உங்களை ஒரு ரோல்ஸில் ஏற்றிக்கொண்டால் பேச்சை நிறுத்துங்கள். பாட்டு ஓடினால் அணைக்கச் சொல்லுங்கள். முதலில் எஞ்சின் கேட்கிறதா என்று தேடுங்கள், அடுத்து டயர், அதற்கடுத்து காற்று. ஒவ்வொன்றாகத் தேடினால்தான் எத்தனையை ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று புரியும். 2017இல் வந்த பாண்டம் என்ற காரில் 130 கிலோவுக்கு மேல் சத்தத்தை உறிஞ்சும் பொருள் மட்டுமே இருக்கிறது. இரண்டு ஆட்களின் எடை. 2020இல் வந்த கோஸ்ட் என்ற கார் இன்னும் ஒரு படி மேலே போய் மாட்டிக்கொண்டது. சோதனைக் காரில் சத்தம் அடங்கிய அடக்கத்தில் உள்ளே இருந்தவர்களுக்குத் தலை கிறுகிறுக்கும்போல் ஆனதாம். அதனால் இருக்கைகள் உட்பட எல்லா பாகங்களையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்து, மெல்லிய முணுமுணுப்பு ஒன்றை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். தம்பூரா இல்லாத மேடையில் பாடகருக்கு நிலைகொள்ளாது என்பார்களே, அதுபோல.

அடுத்து கண். முன்பக்க கிரில்லை எல்லோரும் கிரேக்கக் கோயில் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நில்லுங்கள். அதன் நேர்கோடுகள் முழுக்க நேரானவை அல்ல. லேசான வளைவு கொடுத்திருக்கிறார்கள். மிகச் சரியான நேர்கோடு நம் கண்ணுக்குக் குழிந்ததுபோல் தோன்றும் என்பது கிரேக்கக் கட்டடக் கலைஞர்களுக்கு அந்தக் காலத்திலேயே தெரியும். கண்ணை ஏமாற்றித்தான் நேரைக் காட்ட முடியும். பிறகு பக்கவாட்டில் வந்து, காரின் முழு நீளத்துக்கும் ஓடுகிற மெல்லிய கோட்டைப் பாருங்கள். அது ஸ்டிக்கர் இல்லை. அணில் முடித் தூரிகையால் கையால் இழுத்தது. ரோல்ஸ்-ராய்ஸின் இப்போதைய குட்வுட் தொழிற்சாலையில் இந்த வேலைக்குப் பல ஆண்டுகள் ஒரே ஆள்தான். அதற்கு முன் அவர் மதுக்கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவர். லாரி கேபினில் ஒரே மூச்சில் கோடு இழுக்கும் நம்மூர் பெயிண்டரைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மூச்சை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பது உடனே விளங்கும்.

டாஷ்போர்டில் ஆர்பிஎம் மீட்டரைத் தேடாதீர்கள், கிடையாது. எவ்வளவு சக்தி செலவாகிறது என்பதற்குப் பதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒரு முள் காட்டும். நூறுக்குப் பக்கத்திலேயே சோம்பேறித்தனமாகக் கிடக்கும் அந்த முள் எனக்கு மிகவும் பிடித்த கர்வம். ஒரு காலத்தில் இந்தக் கம்பெனி தன் எஞ்சினின் குதிரைத்திறனை வெளியே சொல்லவே மாட்டாது. போதுமான அளவு இருக்கிறது என்பதுதான் பதில்.

இப்போது போனட் முனையில் நிற்கும் அந்தப் பெண்ணுக்கு வரலாம். 1911இல் சிற்பி சார்லஸ் சைக்ஸ் வடித்த உருவம் அது. மாதிரியாக நின்றவர் எலினார் தார்ன்டன் என்பார்கள். மான்டகு பிரபுவின் செயலாளர், காதலியும்கூட. முதல் உலகப்போரின்போது மான்டகுவுக்கு இந்தியாவில் ராணுவ மோட்டார் வண்டிகள் தொடர்பான பொறுப்பு கிடைத்தது. இருவரும் ‘பெர்சியா’ என்ற கப்பலில் கிளம்பினார்கள். 1915 டிசம்பர் 30 அன்று கிரீட் தீவுக்கு அப்பால் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. மான்டகு பிழைத்தார். எலினார் கரை சேரவேயில்லை. இது தெரிந்த பிறகு, காற்றை எதிர்த்துச் சாய்ந்து நிற்கும் அந்தச் சின்ன உருவத்தை என்னால் வெறும் அலங்காரமாகப் பார்க்க முடிந்ததில்லை. ராய்ஸுக்கோ அது பிடிக்காது. ஓட்டுகிறவரின் பார்வையை மறைக்கிறது என்று சலித்துக்கொள்வாராம்.

சென்னையில் பழைய கார்களின் அணிவகுப்பு நடக்கும்போது ஒரு ரோல்ஸ் வந்திருந்தால், கதவைத் திறக்கச் சொல்லி அடிச்சட்டத்தைப் பாருங்கள். பார்க்கர், ஹூப்பர், த்ரப் அண்டு மேபர்லி என்று ஏதாவது ஒரு பெயர்த்தகடு இருக்கும். இரண்டாம் உலகப்போர் முடியும் வரை ரோல்ஸ்-ராய்ஸ் விற்றது எஞ்சினும் சேஸிஸும்தான். வாங்கியவர் அதைத் தனக்குப் பிடித்த பாடி கட்டுபவரிடம் கொடுத்து மேல்பாகத்தைச் செய்துகொள்வார். துணி எடுத்துத் தையல்காரரிடம் கொடுப்பதுபோல. அதனால்தான் ஒரே ஆண்டில் வந்த இரண்டு கார்கள் அண்ணன் தம்பி ஜாடைகூட இல்லாமல் இருக்கும். நம் மகாராஜாக்கள் இதில் புகுந்து விளையாடினார்கள். ராஜ்கோட் மகாராஜாவுக்கு 1934இல் போன பாண்டம் II காவி மஞ்சள் நிறம். ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’ என்று இன்றும் பெயர் சொன்னால் தெரியும். லண்டன் ஷோரூமில் அவமானப்பட்ட ராஜா, கார்களை மொத்தமாக வாங்கிக் குப்பை அள்ள விட்டார் என்ற கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை ஆல்வார், பாட்டியாலா, ஹைதராபாத் என்று ஆளுக்கொரு சமஸ்தானத்தில் வைத்துச் சொல்கிறார்கள். ஆதாரம் எந்த ஊரிலும் இல்லை. சொல்வதற்கு நன்றாக இருக்கிறது என்பதால் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, வைத்திருப்பது எப்படி? யானை வாங்கினவன் அங்குசம் வாங்க யோசித்தானாம் என்பது பழமொழி. அதை ஒரு காருக்குப் பொருத்த வேண்டுமென்றால் சில்வர் ஷேடோவைச் சொல்வேன். 1965இல் வந்தது. தனிச் சேஸிஸ் இல்லாமல் உடம்பே சட்டமாக அமைந்த முதல் ரோல்ஸ். பிரேக்குக்கும் பின்புறத்தை மட்டமாக வைப்பதற்கும் சிட்ரோயனிடம் உரிமம் வாங்கிய ஹைட்ராலிக் அமைப்பு. நிறைய விற்றதால் பிற்பாடு இங்கிலாந்தில் விலை சரிந்து, சாதாரணக் காரின் விலைக்கே பழைய ஷேடோ கிடைத்தது. ஆசைப்பட்டு வாங்கியவர்கள் அப்புறம்தான் விழித்தார்கள்: காரின் விலை குறைந்ததே தவிர, அதன் பாகங்களின் விலை குறையவில்லை. அதன் ஹைட்ராலிக் எண்ணெய் ஆர்ஆர்363 என்ற தனி ரகம். 1980இல் வந்த சில்வர் ஸ்பிரிட்டுக்கோ மினரல் எண்ணெய். ஒன்றுக்கு மற்றதை ஊற்றினால் சீல்கள் ஊறிக் கெட்டு மொத்தமும் போச்சு. அனுபவசாலிகள் ஷேடோ வாங்கப் போனால் பெயிண்டைத் தடவிப் பார்ப்பதில்லை. எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்திவிட்டு, எச்சரிக்கை விளக்கு எரியும் வரை பிரேக்கை மிதித்து எண்ணுவார்கள். எண்ணிக்கை நிறைய வந்தால் அழுத்தம் தாங்குகிறது. இரண்டு மூன்றிலேயே விளக்கு எரிந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். அப்படிப் பார்த்து வாங்கி, நேரத்துக்குக் கவனித்து வைத்திருப்பவர்களின் கை கறுத்தே இருக்கும். என் கணக்கில், டிரைவர் வைத்து ஓட்டும் கோடீஸ்வரரைவிட அவர்கள்தான் ராய்ஸுக்கு நெருங்கிய சொந்தம்.

டிரைவரைச் சொன்னதால் ஒன்று. பின்சீட்டில் இருப்பவருக்கு நின்றதே தெரியாதபடி நிறுத்துவது ஒரு கலை. கார் நிற்கப்போகும் கடைசி நொடியில் பிரேக்கை லேசாகத் தளர்த்த வேண்டும். இங்கிலாந்தில் ஷாம்பெய்ன் கோப்பையை வைத்து அளப்பார்கள். நாம் டபரா தம்ளர் ஃபில்டர் காபி என்று வைத்துக்கொள்ளலாம். கார் பாதி, கால் பாதி.

கம்பெனி கைமாறிய கதையும் ஒன்று உண்டு. காரோடு விமான எஞ்சினும் செய்துவந்த தாய்க் கம்பெனி 1971இல் அந்த எஞ்சின் செலவில் திவாலாகி, கார் பிரிவு தனியானது. 1998இல் நடந்த விற்பனை சொத்துத் தகராறு நாடகம் மாதிரி. ஃபோக்ஸ்வேகன் 43 கோடி பவுண்டு கொடுத்து தொழிற்சாலையையும், கிரில்லையும், பொம்மையையும் வாங்கியது. பெயரோ விமான எஞ்சின் கம்பெனியிடம் இருந்தது. அதை பிஎம்டபிள்யூ 4 கோடி பவுண்டுக்கு வாங்கிப் போய்விட்டது. வீடு ஒருவருக்கு, வாசல் பெயர்ப்பலகை இன்னொருவருக்கு. கடைசியில் பழைய தொழிற்சாலையும் பென்ட்லி கார்ப் பிரிவும் ஃபோக்ஸ்வேகனிடம் தங்க, 2003 முதல் ரோல்ஸ்-ராய்ஸ் குட்வுட்டில் பிஎம்டபிள்யூவின் கீழ் புதிதாகத் தொடங்கியது. அப்படியானால் இப்போதிருப்பது அசல்தானா என்று கேட்பவர்கள் உண்டு. ரத்த சம்பந்தம் பார்த்தால் பழைய தொழிற்சாலையின் வாரிசு பென்ட்லிதான். காதால் பார்த்தால் எனக்குச் சந்தேகமில்லை.

2023இல் ஸ்பெக்டர் என்ற முழு மின்சார ரோல்ஸ் வந்தது. பெட்ரோல் ரசிகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். மின்சாரக் கார் சத்தமும் நாற்றமும் இல்லாதது, சார்ஜ் போடும் வசதி மட்டும் வந்துவிட்டால் நல்லது என்று 1900இலேயே சொன்னவர் சார்லஸ் ரோல்ஸ். ராய்ஸ் மின்சார மணி செய்து பிழைத்தவர். எஞ்சினே இல்லாத அந்தக் காரில் உட்காரும் வாய்ப்புக் கிடைத்தால், பழைய விளம்பரத்தின் மீதிக் கதையையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஓகில்வியே சொன்னது. 60 மைல் வேகத்தில் கடிகாரம் மட்டுமே கேட்கிறது என்பதைப் படித்த ரோல்ஸ்-ராய்ஸின் தலைமை எஞ்சினியர் மகிழ்ந்துபோகவில்லையாம். வருத்தமாகத் தலையை ஆட்டிவிட்டு, அந்தப் பாழாய்ப்போன கடிகாரத்தை ஏதாவது செய்தாக வேண்டும் என்றாராம்.