நூடுல்ஸ் பாக்கெட்டின் பின்பக்கம்: எண்ணுக்குப் பயந்தோம், கிராமைப் பார்க்கவில்லை

குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, பெட்டிக்கடை ஓரமாக இரண்டு பையன்கள் ஐந்து ரூபாய் நூடுல்ஸ் பாக்கெட்டைக் கையாலேயே நொறுக்கி, மசாலாவைக் கொட்டிக் குலுக்கித் தின்றுகொண்டிருந்தார்கள். "பச்சையாவா திங்கிறீங்க?" என்றேன். "நல்லா இருக்கும் மாமா, எடுத்துக்கங்க" என்று நீட்டினான் ஒருவன்.

உண்மையில் அது பச்சை இல்லை. மைதா மாவைப் பிசைந்து, இழையாக வெட்டி, ஆவியில் வேக வைத்து, 140-160 டிகிரி சூட்டில் பாமாயிலில் ஓரிரு நிமிடம் பொரித்து எடுக்கிறார்கள். தண்ணீர் ஆவியாகி வெளியேறும்போது இழைக்குள் நுண்துளைகள் விழுகின்றன. அந்தத் துளைகளில் கொஞ்சம் எண்ணெய் தங்கிவிடும். நாம் கொதிநீரில் போடும்போது அதே துளைகள் வழியாகத்தான் தண்ணீர் சட்டென்று உள்ளே போகிறது. 'இரண்டு நிமிட' ரகசியம் அவ்வளவுதான். மெழுகு பூசியிருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவது கட்டுக்கதை. 1958-ல் ஜப்பானில் மொமொஃபுகு ஆண்டோ விற்பனைக்குக் கொண்டுவந்த முறை இது. சுருக்கமாகச் சொன்னால், வெந்த இடியாப்பத்தை முறுக்கு மாதிரிப் பொரித்தது.

அப்புறம் அந்த எண்கள். 412 என்பது கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பசை. 330 சிட்ரிக் அமிலம், எலுமிச்சையில் இருப்பது. 508 பொட்டாசியம் குளோரைடு. 500(i) சோடியம் கார்பனேட், 501(i) பொட்டாசியம் கார்பனேட். இரண்டும் காரங்கள். மாவை இறுக்கி, இழைக்கு வழுவழுப்பும் லேசான மஞ்சள் நிறமும் தருபவை. நம் ஊர் அப்பளக்காரம் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். 'துணி சோடாவைப் போடுறாங்க' என்று பதறுகிறவர்கள் அப்பளத்தைப் பார்த்துப் பதறுவதில்லை. 451(i) ஈரத்தைப் பிடித்து வைக்கும் பாஸ்பேட். சிறுநீரக நோயாளிகள் கவனிக்க வேண்டியது. 150டி கேரமல் நிறம். 635 சுவைகூட்டி.

இந்த 635-ல்தான் விஷயம் இருக்கிறது. 1908-ல் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தார். அதன் சோடியம் உப்புதான் 621, நாம் சொல்லும் அஜினோமோட்டோ. 635 தனியாக இருந்தால் பெரிய சுவை கிடையாது. குளூட்டமேட்டோடு சேர்ந்தால்தான் சுவையைப் பல மடங்கு தூக்கும். அப்படியென்றால் மசாலாவில் குளூட்டமேட் எங்கிருந்து வருகிறது? பட்டியலைப் பாருங்கள்: 'நீராற்பகுத்த கடலைப் புரதம்'. புரதத்தை உடைத்தால் குளூட்டமேட் தானாக வெளிவரும். யாரும் அதைத் தனியாகச் 'சேர்க்க' வேண்டியதில்லை.

2015 மேகி விவகாரம் தொடங்கியது இங்கேதான். உத்தரப் பிரதேசம் பாராபங்கியில் 2014-ல் எடுத்த மாதிரியில் குளூட்டமேட் இருந்தது. பாக்கெட்டில் 'சேர்க்கப்பட்ட எம்எஸ்ஜி இல்லை' என்று அச்சிட்டிருந்தது. கொல்கத்தா ஆய்வகம் கூடவே 17.2 பிபிஎம் ஈயம் இருப்பதாகச் சொன்னது, அனுமதி 2.5. தமிழ்நாடு 2015 ஜூன் 4 அன்று மூன்று மாதத் தடை போட்டது. மறுநாள் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க நிறுத்தியது. ஆகஸ்ட் 13-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. நிறுவனத்துக்கு முறையான விசாரணை வாய்ப்புத் தரவில்லை, சோதித்த ஆய்வகங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்பவை முக்கியக் காரணங்கள். நீதிமன்றம் சொன்ன மூன்று ஆய்வகங்களில் மறுசோதனை நடந்தது. ஈயம் வரம்புக்குள் இருந்தது. நவம்பரில் மேகி மறுபடி கடைக்கு வந்தது.

என் விமர்சனம் இரண்டு பக்கமும்தான். 'சேர்க்கப்பட்ட எம்எஸ்ஜி இல்லை' என்ற வாசகம் சொல்லுக்குச் சொல் உண்மை, பொருளில் ஏமாற்று. மென்பொருளில் நிரல் ஒன்று செய்ய, பக்கத்தில் எழுதிய குறிப்பு வேறொன்று சொல்வது மாதிரி. ஆனால் எதிர்த்துக் கூச்சல் போட்ட நாமும் தப்பான வரியைத்தான் படித்தோம். ஈயம் இருக்கா, அஜினோமோட்டோ இருக்கா என்று மாதக்கணக்கில் பேசினோம். பாக்கெட்டிலேயே அச்சிட்டிருந்த ஊட்டச்சத்து அட்டவணையைப் பற்றி யாராவது பேசினோமா?

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 70 கிராம் பாக்கெட் ஒன்றில் 800 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருப்பது சாதாரணம். அட்டவணை உப்பு என்று சொல்லாது, சோடியம் என்று சொல்லும். உப்பாக மாற்ற 2.5-ஆல் பெருக்க வேண்டும். 800 என்றால் 2 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் ஒரு நாள் வரம்பே 5 கிராம். எண்ணெய் சுமார் 10 கிராம். பாமாயில் என்பதால் அதில் கிட்டத்தட்டப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. மீதி பெரும்பாலும் மைதா. தென்கொரியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவை வைத்து 2014-ல் வந்த ஆய்வில், வாரம் இரண்டு முறையோ அதற்கு மேலோ நூடுல்ஸ் சாப்பிட்ட பெண்களிடம் வளர்சிதை மாற்றக் கோளாறு கூடுதலாக இருந்தது. நூடுல்ஸ்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

மிக்சரும் முறுக்கும் மட்டும் யோக்கியமா என்று கேட்கலாம். இல்லைதான். அதனால்தான் தடை எனக்குப் பதிலாகப் படவில்லை. சிலி நாடு 2016-லேயே உப்பு, சர்க்கரை, கொழுப்பு அதிகமான பாக்கெட்டுகளின் முன்பக்கம் கறுப்பு எண்கோண முத்திரை குத்தியது. நம் ஆணையம் 2022-ல் வெளியிட்ட வரைவு நட்சத்திர மதிப்பீட்டைச் சொன்னது. கொஞ்சம் நார்ச்சத்து, புரதம் சேர்த்தால் உப்புக்கு இழந்த மதிப்பெண்ணை ஈடுகட்டிக்கொள்ளும் முறை அது. நட்சத்திரம் பார்த்தால் அந்தப் பையன் பரிசு என்றுதான் நினைப்பான். கறுப்பு முத்திரை என்றால் கேள்வி கேட்பான்.

குடுமியான்மலைப் பாறையில் ஏழாம் நூற்றாண்டில் கிரந்த எழுத்தில் வெட்டிய சுரக் குறியீடுகளை எப்படிப் பாடுவது என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அதில் தப்பில்லை, 1300 வருஷப் பழசு. போன மாதம் அச்சடித்த பாக்கெட்டைப் படிக்க ஒரு பத்து வயசுப் பையனுக்கு என்னைப் போல ஒருத்தன் உரை எழுத வேண்டியிருப்பதுதான் தப்பு.