காளிகாட் வாசலின் கோடு

தெருவில் விற்றால் ஓவியம் தரம் இறங்கும் என்பார்கள். கொல்கத்தாவின் காளிகாட் கோயில் வாசல் அதற்கு மறுப்பு. 19ஆம் நூற்றாண்டில் அங்கே கடைவிரித்த பட்டுவாக்கள் எனும் சுருள் ஓவியர்கள், யாத்ரீகர் காத்திருக்கமாட்டார் என்பதால் நீண்ட கதைச்சுருளை விட்டு ஆலைத்தாளுக்கு வந்தார்கள். பின்னணியை வெறுமையாக விட்டு, ஒரே இழுப்பில் தோளையும் தொடையையும் வளைத்தார்கள். அந்தக் கோட்டின் துணிச்சல் அவசரம் தந்தது. காளியோடு 1873இல் வங்கத்தில் பரபரப்பான எலோகேசி கொலைவழக்கையும் வரைந்ததால் கூட்டத்துக்குப் பணிந்தார்கள் எனலாம். பணிந்தவர்கள் நகரத்துப் பகட்டுக்காரரான பாபுவை, ஒரு பெண்ணின் பிடியில் சிக்கிய ஆடாக்கிக் கேலிசெய்திருப்பார்களா? ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தது உண்மை. கை தேர்ந்ததும் அதனால்தான். சில்லறைக்கு விற்ற அதே வகைத் தாள்களைத்தான் 1917இல் ருட்யார்ட் கிப்ளிங் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். பட்டுவாக்களை வீழ்த்தியதும் சந்தைதான், மறுக்கவில்லை: ஜெர்மனியில் அச்சான வண்ணப்படங்கள் இன்னும் மலிவாக வந்து குவிந்தன.