அருமையும் பெறுமதியும்: 'வாண்டா' திரைப்படம் பற்றிய ஒரு நோக்கு

பாபரா லோடன் எழுதி, இயக்கி, தலைமைப் பாத்திரத்தையும் தாமே ஏற்று நடித்த 'வாண்டா' (1970), அவர் இயக்கிய ஒரே முழுநீளத் திரைப்படமாகும். 16 மில்லிமீற்றர் படச்சுருளில், மிகச் சிறிய குழுவொன்றுடன் எடுக்கப்பட்ட இவ்வமெரிக்கப் படம், வெனிஸ் விழாவில் விமர்சகர் பரிசைப் பெற்றும் தன் நாட்டில் பரவலாகத் திரையிடப்படவில்லை. இன்று அரிய படங்களைச் சேகரிப்போர் இதனைப் போற்றுகின்றனர். அவர்கள் போற்றுவது படத்தையா, அதன் அருமையையா என்பதே இங்கு எழும் வினா.

பென்சில்வேனியாவின் நிலக்கரிப் பிரதேசத்தில் வாழும் வாண்டா, மணவிலக்கு வழக்குக்குத் தாமதித்து வருகிறாள். பிள்ளைகள் தந்தையிடம் இருப்பதே நன்று என நீதிபதியிடம் கூறிவிட்டு நீங்குகிறாள். பின்னர் கொள்ளையன் ஒருவனோடு சேர்கிறாள். அவன் அடிக்கிறான், ஏவுகிறான், அவள் பணிகிறாள். வங்கிக் கொள்ளையின்போது அவள் வழிதவறிப் பிந்திவிட, அவன் சுடப்பட்டு இறக்கிறான்.

இவள் குற்றவாளியா, பலியானவளா? படம் விடை கூறவில்லை. தமக்குத் தண்டனை விதித்த நீதிபதிக்கு நன்றி கூறிய பெண்ணொருத்தி பற்றிய பத்திரிகைச் செய்தியே லோடனுக்கு வித்தாயிற்று. செயலற்ற இந்நாயகியைக் கண்டு அக்காலப் பெண்ணிலைவாதிகள் சிலர் அதிருப்தியுற்றனர். எனினும் அவளை உயர்த்தவோ இரங்கத்தக்கவளாக்கவோ மறுப்பதிலேயே இப்படத்தின் நேர்மை தங்கியுள்ளது. அந்நியர் நடுவே அமர்ந்திருக்கும் அவளது முகத்தில் உறையும் இறுதிக் காட்சி, தீர்ப்பைப் பார்வையாளரிடமே விட்டுவிடுகிறது.

லோடன் 1980இல் காலமானார். பிரெஞ்சு நடிகை இசபெல் ஊப்பேரின் முயற்சியால் இப்படம் பிரான்சில் மீண்டும் வெளிவந்தது. மூடப்படவிருந்த ஹொலிவூட் ஆய்வுகூடமொன்றில் கிடந்த மூலச்சுருள்கள் 2007இல் மீட்கப்பட்டன. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் ஆவணக்காப்பகம் அவற்றைப் புதுப்பித்தது. 2017இல் இப்படம் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. 2019இல் வெளிவந்த இறுவட்டு, சேகரிப்போர் கைக்கும் அதனை எட்டச்செய்தது.

கைவிடப்பட்ட பெண்ணொருத்தியின் கதை தானும் கைவிடப்பட்டு மீண்டமை சேகரிப்போரைக் கவர்வதில் வியப்பில்லை. ஆயினும் அருமை என்பது கலைப்பண்பன்று. விநியோகத்தின் அலட்சியம் விளைவித்த வடுவே அது. அவ்வடுவை அணிகலனாகக் கொள்வோர் வாண்டாவை இன்னொருமுறை உடைமையாக்குகின்றனர். அதேவேளை, பேணுவார் இன்றேல் விமர்சிப்பதற்குப் படமே எஞ்சியிராது என்பதும் உண்மை. எனவே பேணுதல் தொடக்கமேயன்றி முடிவன்று. பலர் கூடிப் பார்த்து, அவள்பற்றித் தம்முள் முரண்படும்போதே இப்படம் உண்மையில் மீட்கப்பட்டதாகும்.