இரும்பின் தொன்மை: சான்றும் முடிபும்

தமிழரின் பழமையைக் கூறும் நூல் எதுவாயினும் தமிழ் மக்களிடையே அதற்கு வரவேற்புக் குறைவதில்லை. ஆனால் வரவேற்பு வேறு, ஆராய்ச்சி வேறு. 2025ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் சென்னையில் வெளியிடப்பெற்ற 'இரும்பின் தொன்மை' என்னும் நூலை நோக்கும்போது இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் நன்று. பேராசிரியர் கா. இராசனும் இரா. சிவானந்தமும் எழுதிய இந்நூலைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை வெளியிட்டது. தமிழ் மண்ணில் இரும்புக் காலம் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கிவிட்டது என்பதே இதன் முடிபு. முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அதனை உலகுக்கு அறிவித்தார்.

இம்முடிபுக்கு அடிப்படையானது தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை. அது தாமிரபரணிப் பகுதியிலுள்ள ஊர். அதற்கு அண்மையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதற்கொண்டு அலெக்சாந்தர் இரீ அகழ்ந்து, தாழிகளையும் இரும்புக் கருவிகளையும் வெளிக்கொணர்ந்ததை அறிஞர் அறிவர். சிவகளைத் தாழிக்காட்டிலும் கத்தி, அம்புமுனை, உளி, கோடரி, வாள் என 85க்கும் மேற்பட்ட இரும்புப் பொருள்கள் கிடைத்தன. அங்கு எடுத்த கரித்துண்டுகளின் காலம் கி.மு. 3345 என்றும் கி.மு. 3259 என்றும் கணிக்கப்பட்டது.

நூலாசிரியர்களின் உழைப்பு பாராட்டுக்குரியது. அவர்கள் ஓர் ஊரை மட்டும் நம்பவில்லை. ஓர் ஆய்வுக்கூடத்தை மட்டும் நாடவுமில்லை. அமெரிக்காவின் புளோரிடா, இலக்னோ, அகமதாபாத் ஆகிய மூன்றிடங்களில் சோதனைகள் நடந்தன. கிருட்டிணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறைக்குக் கி.மு. 2172 என்றும், திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்நமண்டிக்குக் கி.மு. 1692 என்றும் காலம் கிடைத்தது. உத்தரப் பிரதேசத்து மல்காரில் கி.மு. 1800 அளவிலேயே இரும்பு இருந்ததென முன்னரே அறிவிக்கப்பட்டுள்ளது. ஆகவே, இந்தியாவில் இரும்பு கி.மு. 1000ஐ ஒட்டியே தோன்றியது என்னும் பழைய பாடநூற் கருத்து இனி நில்லாது.

எழும் வினாக்கள்

எனினும் சிவகளை முடிபு சில வினாக்களை எழுப்புகிறது. முதலாவது, கி.மு. 3345 என்பது கரியின் வயதேயன்றி இரும்பின் வயதன்று. முதிர்ந்த மரத்தின் உள்வயிரம் எரிந்து கரியானால், அது எரிந்த நாளைவிடச் சில நூறு ஆண்டுகள் பழமையாகத் தோன்றும். பழைய மண்ணில் குழி தோண்டித் தாழியைப் புதைக்கும்போது முற்காலத்துக் கரி கலந்துவிடுவதும் உண்டு.

இரண்டாவது, சிவகளையின் சான்றுகளே தம்முள் ஒத்துப்போகவில்லை. மட்கலம் இறுதியாகச் சூடேறிய காலத்தைக் காட்டும் ஒளிர்வு முறை, கி.மு. 2400 அளவையே தருகிறது. அங்கேயே ஒரு தாழியிற் கிடைத்த நெல்லின் காலமோ கி.மு. 1155. நெல் ஓராண்டுப் பயிர். அதில் மரத்தின் முதுமை புகுந்து கணக்கைக் குழப்ப வழியில்லை. ஒரே இடுகாடு இரண்டாயிரம் ஆண்டுகள் வழக்கில் இருந்ததா? இருந்ததெனின் அத்துணைத் தலைமுறையினர் வாழ்ந்த ஊரும், இரும்பை உருக்கிய உலையும், இரும்புக் கசடும் எங்கே? இடைப்பட்ட கண்ணிகள் கிடைத்தால்தான் சங்கிலி முழுமையாகும்.

மூன்றாவது, மிகப் பழைய இரும்பெல்லாம் உலையில் உருக்கிய இரும்பன்று. எகிப்தின் கெர்சேயில் கிடைத்த ஐயாயிரம் ஆண்டுப் பழமையுள்ள மணிகள் வானிலிருந்து விழுந்த விண்கல் இரும்பால் ஆனவை என்பது 2013இல் தெளிவாயிற்று. நிக்கலின் அளவே இதனைக் காட்டிக்கொடுக்கும். எனவே, இத்துணைப் பழமை கூறப்படும் ஒவ்வோர் இரும்புத் துண்டும் இச்சோதனையைக் கடந்தாக வேண்டும்.

வடபுலம் செம்பைக் கையாண்ட காலத்திலேயே, செம்புத் தாது அரிதான தென்புலம் நேரே இரும்புக்குச் சென்றிருக்கக்கூடும் என்கிறது நூல். இது சிந்திக்கத்தக்க கருத்து. ஆயினும் நூல் 'கூடும்' என்றதை மேடைகள் 'உறுதி' என்றாக்கிவிட்டன. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

செய்ய வேண்டியது யாது? இன்னும் பல தாழிகளிலிருந்து நெல் போன்ற குறுவாழ்வுப் பொருள்களைச் சோதிக்க வேண்டும். துரு முற்றும் அரிக்காத இரும்பில் உலைக்கரி எஞ்சியிருப்பின், அதைக் கொண்டு இரும்பின் வயதையே நேராகக் கணிக்கலாம்.

தமிழர் கூறுகின்றனர் என்பதற்காகவே ஏளனம் செய்வோரும் உளர். தமிழருடையது என்பதற்காகவே வினவாமல் ஏற்போரும் உளர். இருவரும் சான்றைப் பாராதவரே. சிவகளையின் காலம் நாளை ஓராயிரம் ஆண்டு குறைந்தாலும், தமிழகத்து இரும்பு உலகின் மிகப் பழைய இரும்பின் வரிசையிலேயே நிற்கும். ஆனால், உறுதிப்படாததை உறுதியென முழக்கிப் பின்னர் அது பொய்க்குமாயின், மெய்யான சான்றுகளும் உடன்சேர்ந்து நகைப்புக்கு இடமாகும். அந்த இழப்பு ஒரு நூலுக்கு மட்டும் உரியதன்று. தமிழர் வரலாற்றுக்கே உரியது.