டைடல் பார்க் தந்ததும் தராததும்

2000 ஜூலை 4 அன்று, சென்னைத் தரமணியில் டைடல் பார்க் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்காவைப் பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்தார். மாநில அரசு நிறுவனங்களான டிட்கோவும் எல்காட்டும் கூட்டாக எழுப்பிய 12 லட்சம் சதுர அடிக்கும் மேற்பட்ட வளாகம் அது. அரசே இடம் கட்டிக் கொடுத்தால் அறிவுசார் தொழில்கள் வரும் என்ற கொள்கைக்குத் தமிழ்நாட்டில் அதுவே முன்மாதிரியானது. 2024-இல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலத்தில் மினி டைடல்கள் திறக்கப்பட்டன. கொள்கை சிறுநகரங்களுக்கும் பரவியிருக்கும் இவ்வேளையில் அதன் நிறைகுறைகளைச் சீர்தூக்கிப் பார்ப்பது அவசியம்.

நிறை தெளிவானது. நிலம் வாங்கி, அனுமதி பெற்று, கட்டி முடிக்கும் அலைச்சல் நிறுவனங்களுக்கு இல்லை. மின்சாரமும் இணைய வசதியும் தயாராக இருந்தன. முதல் முதலீட்டின் இடரை அரசு ஏற்றது. ஆனால் டைடல் வெறும் பொட்டலில் எழவில்லை. பக்கத்திலேயே 1959-இல் தொடங்கிய ஐஐடி. கிண்டியில் 1794-இன் நில அளவைப் பள்ளியிலிருந்து வளர்ந்த பொறியியல் கல்லூரி. 1980-களிலிருந்து பெருகிய சுயநிதிக் கல்லூரிகளின் பட்டதாரிகள். கட்டடத்தின் வெற்றியில் பாதி இவர்களுடையது.

குறை, வெற்றியை அளந்த விதத்தில் இருக்கிறது. எத்தனை சதுர அடி வாடகைக்குப் போனது, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்றே கணக்கிட்டோம். அடுத்தடுத்த தளங்களில் இருக்கும் நிறுவனங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று என்ன கற்றன, பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து எதைக் கண்டுபிடித்தன என்று கேட்கவில்லை. சுற்றுச்சூழலையும் கணக்கில் கொள்ளவில்லை. பழைய மகாபலிபுரம் சாலை (ஓஎம்ஆர்) நெடுகக் கட்டடங்கள் பெருகின. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கியது. 2015 வெள்ளத்தில் அந்த வட்டாரமே தத்தளித்தது.

டைடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், 2010-இல் செயல்படத் தொடங்கிய ஐஐடி ஆராய்ச்சிப் பூங்கா வேறு விதி வகுத்தது. அங்கு இடம்பெறும் நிறுவனம் பேராசிரியர்களோடும் மாணவர்களோடும் இணைந்து பணியாற்றி அதற்கான மதிப்பெண் ஈட்ட வேண்டும். அந்தச் சூழலில் வளர்ந்த அக்னிகுல் என்ற விண்வெளி நிறுவனம், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவாக்கிய இயந்திரத்துடன் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டை ஏவியது. எனினும் ஐஐடியில் முளைத்த ஏத்தர் மின்ஸ்கூட்டர் நிறுவனம் பெங்களூரில் வேரூன்றியது. தொழிலைப் பிறப்பிக்கும் ஆற்றல் ஒன்று. அதை வளர்த்துத் தக்கவைக்கும் ஆற்றல் வேறு.

டைடலே இல்லாத தென்காசி மாவட்டத்தின் மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் எழுதுகிறது. கல்லூரிப் பட்டத்துக்குக் காத்திராமல், பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கே பயிற்சி தந்து ஆள் சேர்க்கும் வழக்கம் அந்நிறுவனத்துக்கு உண்டு. ஆட்களை உருவாக்குபவருக்கு ஊர் ஒரு தடையல்ல.

ஆகவே மினி டைடல்களைக் கைவிட வேண்டியதில்லை. அவற்றின் விதியை மாற்ற வேண்டும். தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அதனோடு சேர்ந்து ஆய்வு நடத்தும் நிறுவனத்துக்கு வாடகையில் சலுகை தரலாம். ஒவ்வோர் ஊரிலும் உள்ள கல்லூரியையும் தொழிலையும் பூங்காவோடு இப்படிப் பிணைத்து, கூட்டு ஆய்வுகளையும் புதிய பொருட்களையும் ஆண்டுதோறும் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். பொதுப்பணத்தில் எழும் கட்டடம் அந்த ஊரின் அறிவைப் பெருக்கியதா என்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு.