பீடோரைச் சுற்றி ஐந்து வளாகங்கள்

ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்குப் பழைய நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கொய்யாவும் பெத்தாயும் வாங்க வண்டியை நிறுத்தும் ஊர் பீடோர். ஈயமும் ரப்பரும் வாழவைத்த வட்டாரம் இது. இன்று அதைச் சுற்றியிருக்கும் உயர்கல்விக் கூடங்கள் கொஞ்சமல்ல. பக்கத்து ஊரான தாப்பாவில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. கம்பாரில் பழைய ஈய நிலத்தின்மேல் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகம் எழுந்திருக்கிறது. தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், ஸ்ரீ இஸ்கந்தாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஈப்போவில் 1969இல் நாட்டின் முதல் பொலிதெக்னிக்காகத் தொடங்கிய உங்கு ஓமார். ஒரு மாநிலத்துக்கு இது பெரிய அறிவுச் செல்வம். ஆனால் இந்த வளாகங்களின் ஆராய்ச்சியும் பீடோர் மக்களின் பிழைப்பும் ஒன்றையொன்று தொடுவது அரிதாகவே இருக்கிறது. ஏன் என்று கேட்டால், நூறாண்டு பின்னே போக வேண்டியிருக்கிறது.

மலாயாவில் 1925இல் சட்டம் இயற்றி ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தை அமைத்தார்கள். அதன் செலவுக்கான பணம் ஏற்றுமதியாகும் ரப்பர்மீது விதித்த செஸ் வரியிலிருந்து வந்தது. ஏற்பாடு எளிமையானது, வலிமையானது. தோட்டத்திலிருந்து பணம் வந்ததால், ஆராய்ச்சியின் பலன் தோட்டத்துக்கே திரும்ப வேண்டியிருந்தது. விதையிலிருந்து தேர்வின்றி வளர்ந்த பழைய மரங்கள் ஆண்டுக்கு ஹெக்டருக்குச் சுமார் 500 கிலோ கொடுத்தன. கழகம் ஒட்டுக்கட்டிப் பரப்பிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற இரகங்கள் அதைப் பன்மடங்காக்கின. செயற்கை ரப்பர் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, ரப்பர் ஷீட்டைக் கண்ணால் பார்த்துத் தரம் சொல்லும் வழக்கத்தை விட்டு, தூசு எவ்வளவு, தன்மை எப்படி என்று சோதனைக்கூடத்தில் அளந்து கட்டிகளாக விற்கும் மலேசியத் தர ரப்பர் 1965இல் வந்தது. இந்த மாற்றங்களில் பெரும்பங்கு ஆற்றியவர் பி.சி.சேகர். 1929இல் சுங்கை பூலோ பகுதியில் பிறந்த மலையாளி. 1966இல் கழகத்தின் முதல் ஆசிய இயக்குநரானார். 1973இல் மகசேசே விருது பெற்றார். உள்ளூர்ப் பிள்ளை ஒருவர் உலகத் தொழிலின் போக்கையே திருப்ப முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அந்த அமைப்பின் குறை அதன் நிறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆராய்ச்சிக் கழகச் சட்டத்துக்கு இரண்டே ஆண்டு முன்னால், 1923இல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. தமிழ்ப்பள்ளிகள் அப்படித்தான் பெருகின. ஒரு சட்டம் மரத்தைப் பற்றிய அறிவுக்கு, இன்னொன்று மரத்தில் பால் வெட்டுகிறவரின் பிள்ளைக்கு. இரண்டையும் இணைக்க யாரும் பாலம் போடவில்லை. அப்பா வெட்டிய மரத்தின் பால் எப்படிச் சுரக்கிறது, ஒட்டுக்கட்டினால் ஏன் கூடுதலாகக் கொடுக்கிறது என்பதை அந்தத் தோட்டத்துப் பள்ளி சொல்லிக்கொடுக்கவில்லை. ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்து, பிள்ளையும் நிரைக்கே போனான். செஸ் வரி கட்டியவர் தோட்டத் துரை என்பது கணக்குப் புத்தகத்தில் உண்மை. அந்த ரப்பருக்குப் பின்னால் இருந்த உழைப்பு லயத்து மக்களுடையது. ஆராய்ச்சியின் பலன் கூலியிலோ கல்வியிலோ அவர்களுக்கு உரிய அளவில் திரும்பவில்லை.

செம்பனைக்கும் இதே கதை. 1981வரை செம்பனைப் பூக்களுக்கு மகரந்தம் தூவும் வேலையைத் தோட்டத்துப் பெண்கள் கையால் செய்தார்கள். கமரூனிலிருந்து ஒரு வண்டினத்தைக் கொண்டுவந்து அந்த ஆண்டு ஜொகூரில் பறக்கவிட்டதும் அந்த வேலையே இல்லாமல் போனது. நாட்டுக்கு அது மகத்தான லாபம். வேலை இழந்த பெண்களுக்கு வேறு தொழில் கற்றுத்தர வேண்டும் என்ற எண்ணம் அந்தத் திட்டத்தின் பகுதியாக இருக்கவில்லை. கண்டுபிடிப்பைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. கண்டுபிடிப்பால் இடம்பெயர்கிறவர்களுக்கும் அதே கொள்கை பொறுப்பேற்க வேண்டும் என்கிறேன்.

இன்றைய பல்கலைக்கழகங்களுக்கு வருவோம். பழைய ஆராய்ச்சிக் கழகத்தின் குறை இவற்றிடம் தொடர்கிறது. அதன் நிறை தொடரவில்லை. 2006இல் நான்கு பல்கலைக்கழகங்களை அரசாங்கம் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களாக அறிவித்தது, பின்னர் ஐந்தாவதும் சேர்ந்தது. உலகத் தரவரிசையில் மேலே வந்ததும், ஆய்வுக் கட்டுரைகள் பெருகியதும் மெய்யான சாதனைகள். ஆனால் விரிவுரையாளரின் பதவி உயர்வு அனைத்துலக இதழ்க் கட்டுரைகளை நம்பியிருக்கும்போது, பீடோர் கொய்யாக்காரரின் பழ ஈத் தொல்லையில் மூன்று ஆண்டு செலவிட யார் முன்வருவார்? ஒவ்வொரு காயையும் பைக்குள் கட்டிக் காப்பாற்றும் அந்தச் சிறு விவசாயிக்கு ஆள் பற்றாக்குறைதான் பெரிய பாரம். அது நல்ல பொறியியல் கேள்வி, நல்ல பூச்சியியல் கேள்வி. அதைக் கேட்பவருக்கு மதிப்பெண் கிடைப்பதில்லை.

பணமும் சுருங்கிவிட்டது. 2016இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.44 விழுக்காடு ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவானது. 2020இல் அது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போனது. 2030க்குள் 3.5 விழுக்காடு என்றல்லவா இலக்கு வைத்தார்கள். ரப்பர் ஆய்வின் பெருமைக்குரிய சுங்கை பூலோ நிலத்தில் சுமார் 2,300 ஏக்கர் இன்று குவாசா டமான்சாரா நகர்த்திட்டம். நகரம் வளரத்தான் வேண்டும், ஆனால் நெடுங்கால ஆராய்ச்சிக்கு நிலம்தான் நினைவு என்பதை மறந்துவிட்டோம்.

அடுத்தது, யார் உள்ளே போகிறார்கள் என்பது. பீடோருக்கு மிக அருகிலிருக்கும் தாப்பா வளாகத்தில் இந்திய, சீன மாணவர்கள் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க முடியாது. அந்தப் பல்கலைக்கழகம் பூமிபுத்ரா மாணவர்களுக்கானது. கிராமத்து மலாய்ப் பிள்ளைகளிடமிருந்து ஒரு தொழில்நெறிஞர் வர்க்கத்தையே உருவாக்கிய சாதனை அதற்கு உண்டு. அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதே வறுமை லயத்திலும் புதுக்கிராமத்திலும் இருந்தது. பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேசனில் பூமிபுத்ராவுக்கு 90, மற்றவர்களுக்கு 10 என்ற ஒதுக்கீட்டின் கீழ் நம் பிள்ளைகள் நல்ல தேர்ச்சியோடும் வெளியே நின்றார்கள். எஸ்.பி.எம். தேர்வில் பத்து ஏ பெற்றவர்களுக்கு இனம் பார்க்காமல் இடம் என்று 2024இல் வந்த அறிவிப்பு நல்ல மாற்றம். அது உச்சியில் இருப்பவர்களுக்கு உதவும். எட்டு ஏ வாங்கிய தோட்டத்துப் பிள்ளைக்கு ஆறாம் படிவம் இருக்கிறது, கடினமான வழி, ஆனால் செலவு குறைந்த வழி. கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்கு ஓடும் முன் நம் குடும்பங்கள் அதையும் பொலிதெக்னிக்கையும் நிதானமாகப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் புத்தாக்கப் போட்டிகளில் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பதக்கம் வெல்கிறார்கள். ஆசிரியர்களின் உழைப்பு இதற்குப் பின்னால் இருக்கிறது. அதற்கப்புறம் என்ன? பதக்கம் வாங்கிய படைப்பை இடைநிலைப் பள்ளியில் தொடர ஆளில்லை, அதைச் சோதித்துப் பார்க்க அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் சோதனைக்கூடம் திறப்பதில்லை. பன்னிரண்டு வயதில் மேடையேறியவர் பதினேழு வயதில் அறிவியல் பிரிவையே விட்டுவிடும் நிலையைப் பல ஊர்களில் கேட்கிறோம்.

இதற்கு நான் பார்க்கும் வழி பழைய செஸ் வரியின் உணர்வில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அரசு தரும் ஆராய்ச்சி நிதியில் ஒரு பங்கைத் தன் மாவட்டத்தின் கேள்விகளுக்கு ஒதுக்க வேண்டும். அந்தக் கேள்விகளைத் தேர்வு செய்யும் குழுவில் விவசாயிகளும் சிறுதொழில் நடத்துவோரும் இருக்க வேண்டும். அந்த வேலை பதவி உயர்வில் கட்டுரைக்கு இணையாக எண்ணப்பட வேண்டும்.

நம் பக்கமும் செய்ய வேண்டியது உண்டு. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் சிறு சேமிப்பைப் போட்டே தோட்டங்களை வாங்கினார்கள். அந்த வலிமை சமூகத்தில் இன்னும் இருக்கிறது. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவரிடம் கோயில் நிலத்தையும் பள்ளிக் கட்டடத்தையும் பற்றிப் பேசுங்கள், பேச வேண்டியதுதான். கூடவே, தாப்பா, கம்பார், தஞ்சோங் மாலிம் வளாகங்களின் சோதனைக்கூடங்களை நம் பள்ளி மாணவர்களுக்குத் திறந்துவிடவும், வளாகத்தில் நம் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கவும் அவர் என்ன செய்வார் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.