நோட்டீஸ் வரும்வரை

மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் தோட்டம் நூறு முறை செத்திருக்கிறது. மரம் சாய்கிறது, லயம் இடிகிறது, முனியாண்டி கோயில் மண்ணோடு மண்ணாகிறது, கிழவர் ஒருவர் ஒரு பிடி மண்ணை வேட்டி முனையில் முடிந்துகொள்கிறார். படித்துப் படித்து அலுத்துவிட்டது என்று சொன்னால் கோபிக்காதீர்கள். அந்தத் துக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. என் குறை வேறு. தோட்டத்தை விக்கப் போறாங்களாம் என்று பேச்சு கிளம்பிய நாளுக்கும் நோட்டீஸ் கைக்கு வந்த நாளுக்கும் நடுவில் மாதங்கள் ஓடியிருக்கும். நான் படித்த கதைகளில் அந்த மாதங்கள் இல்லை.

இது இப்போது உறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நான் வேலை செய்யும் இடத்தில் நாலு மாதமாக 'விஎஸ்எஸ் வருதாம்' என்ற பேச்சு. மேலே இருப்பவர்கள் ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. மீட்டிங் ரூம் கண்ணாடியில் யாராவது வெள்ளைத்தாள் ஒட்டினால்கூட ஆளுக்கொரு அர்த்தம். வாரக் கடைசியில் சிலிம் ரிவருக்குத் திரும்பும் ரயிலில் பழைய தொகுப்புகளைப் புரட்டுகிறேன், என் நிலைமையில் இருக்கும் ஒரு ஆள் கிடைப்பாரா என்று. கிடைப்பதில்லை.

சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) எனக்குப் பிடித்த படம். தோட்டத்தை விட்டு வெளியே வந்த குடும்பத்தை அது கண்ணீர் விடாமல் காட்டுகிறது. பையன் அப்போயும் அவனை அடித்து வளர்க்கும் அப்பாவும் எனக்குத் தெரிந்த மனிதர்கள். ஆனால் அந்தப் படம் எல்லாம் முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. நம் கதைகளோ கடைசி நாளோடு நின்றுவிடுகின்றன. அந்த அப்பாவின் கோபம் எந்த மாதத்தில் முளைத்தது என்பதை இரண்டிலும் பார்க்க முடியவில்லை.

சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றதை நாம் துண்டாடல் என்கிறோம். உங்கு அசிஸ் அதை ஆராய்ந்து அறிக்கையே எழுதினார். 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். இந்த வரலாறு மேடைக்கு மேடை முழங்குகிறது. நாளைக்கு வேலை இருக்குமா என்றே தெரியாத ஒருவர், கையில் இருக்கும் பத்து வெள்ளியைக் கொடுப்பதா, ஒளித்து வைப்பதா என்று பெண்டாட்டியோடு ராத்திரி முழுக்கப் பேசியிருப்பாரே, எனக்கு அந்தக் கதைதான் வேண்டும்.

என் அப்பா பால் வெட்டியவர். தோட்டம் கைமாறப் போவது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "யாரும் சொல்லல. கூர ஒழுகுதுன்னு ஆபீஸ்ல சொன்னா எழுதிக்குவாங்க, ஆள் வராது. உரம் போடுறது நின்னு போச்சு. அப்புறம் மரத்த மேலயும் கீழயும் போட்டுச் சீவச் சொன்னாங்க." சாய்க்கப் போகும் மரத்தில் பட்டையை மிச்சம் வைத்து என்ன பயன்? அதனால் உள்ள பாலையெல்லாம் கறந்துவிடுவார்கள். பால் கூடும், எடைக்குக் கிடைக்கும் காசும் கூடும். "அந்த ஆறு மாசம்தான் நல்ல சம்பளம். ஒனக்கு சைக்கிள் வாங்குனது அப்பதான்." வேலை போவதற்கு முன்னால்தான் வீட்டில் காசு புழங்கியிருக்கிறது! ஓட்டமாக ஓடும் நம் எழுத்தாளர்கள் யாராவது இந்த ஒரு விவரத்தைக் கையில் எடுத்திருந்தால், மண்ணை அள்ளும் கிழவர் தேவைப்பட்டிருக்க மாட்டார். எங்கள் ஆபீஸிலும் இப்போது ஓவர்டைம் தாராளம். கூடவே, தான் செய்யும் வேலையைப் படிப்படியாக எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு கணக்கு. துக்கக் கதைகளுக்குக் கணக்கு பிடிப்பதில்லை. 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆட்குறைப்பில் போகிறவருக்கு வருடத்துக்கு இத்தனை நாள் சம்பளம் என்று உண்டு: ரெண்டு வருடத்துக்குக் குறைவென்றால் 10 நாள், அஞ்சு வருடத்துக்குக் குறைவென்றால் 15, அதற்கு மேல் 20. முப்பது வருடம் பால் வெட்டியவருக்கு 600 நாள் சம்பளம். ஆனால் தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும், அந்த வீடு இந்த 600இல் எங்கே இருக்கிறது? என் தலைமுறைக்கு வேறு விசித்திரம். 2023இலிருந்து வேலைச் சட்டம் எல்லாருக்கும் பொருந்தும் என்றார்கள். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குகிறவருக்கு மட்டும் இந்த நட்டஈட்டுப் பிரிவு பொருந்தாது. அவருக்கு ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான், அல்லது கம்பெனி மனசு வைப்பதுதான். சம்பளம் ஏறியபோது கேக் வெட்டினோம், அந்தக் கோட்டைத் தாண்டியதை யாரும் கவனிக்கவில்லை. சொக்சோவின் வேலைக் காப்புறுதி முதல் மாதம் 80 விழுக்காடு தரும், ஆறாம் மாதம் 30. இந்த எண்களை ராத்திரி ரெண்டு மணிக்குக் கைப்பேசியில் தட்டிப் பார்க்கும் ஆள் நம் இலக்கியத்துக்குள் வர வேண்டும். சம்பளச் சீட்டை உள்ளே விட்டால் கலை கெட்டுவிடும் என்று நினைக்கிறார்கள் போல.

நகரத்துக் கதைகள் மட்டும் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. 2015 ஜூனில் மலேசியா ஏர்லைன்ஸ் தன் 20,000 ஊழியருக்கும் வேலைநீக்கக் கடிதம் கொடுத்து, அதில் 14,000 பேரைப் புதுக் கம்பெனிக்கு அழைத்தது. பக்கத்து மேசைக்காரர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒரே கேன்டீனில் நாசி லெமாக் சாப்பிட்டிருப்பார்கள். இதைவிடப் பெரிய நாவல் களம் எது? நாம் இன்னும் கங்காணியின் மீசையை வர்ணித்துக்கொண்டிருக்கிறோம்.

கிராணியையும் அப்படித்தான் கெடுத்து வைத்திருக்கிறோம். எந்தக் கதையிலும் துரையின் எடுபிடி, கோள்சொல்லி. ஆனால் யாருக்கு எத்தனை வருடம், எவ்வளவு காசு என்று பட்டியல் போட்டது அவர் கைதான். அந்தப் பட்டியலின் கடைசி வரியில் அவர் தன் பெயரையும் எழுதியிருப்பார். எழுதிவிட்டு, மறுநாள் காலைப் பெரட்டுக்கு வந்து, ஒன்றுமே தெரியாத மாதிரி எல்லார் பெயரையும் கூப்பிட்டிருப்பார். அவரைப் பற்றி யாராவது எழுதினால் சொல்லுங்கள், நான் முதல் ஆளாகப் படிக்கிறேன்.